முந்நூறு கஜத்துக்கு எந்தக் குண்டு

வேட்டைக்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம். காப்பித் தோட்டங்கள் நிறைந்த ஒரு மலையில் பாவாத்தாள் என்ற பெண்மணி துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்துவந்தார். பழைய பாளையக்காரர் வீட்டில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா விட்டுவிட்டுப் போன துப்பாக்கிகளைத் துரு ஏறாமல் துடைத்து வைக்கத்தான் முதலில் எடுத்தார். துடைத்த கை சுடவும் பழகிவிட்டது. முப்பது வயது ஆவதற்குள் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றாகிவிட்டது. தோட்ட முதலாளிகள் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து கற்றுக்கொண்டார்கள்.

அப்படி வந்தவர்களில் அவிநாசியப்பனும் ஒருவர். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம், தலை முழுக்க நரைத்துவிட்டது. நன்றாகவே சுடுவார். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் அவரிடம் இருந்த கோளாறு.

ஒரு நாள் காலை அவர் பாவாத்தாளின் வீட்டுக்கு வந்தார். தோளில் துப்பாக்கி, கையில் இரண்டு தோட்டாப் பெட்டிகள். பெட்டிகளை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“அம்மணி, ஒரு சந்தேகங்க.”

“சொல்லுங்கண்ணா.”

சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெட்டியில் இருந்தவை நூற்றைம்பது கிரெயின் எடையுள்ள குண்டுகள். இலேசானவை. வேகமாகக் கிளம்பும், தூரத்திலும் அதிகம் கீழே இறங்காது, குறியைத் தூக்கிப் பிடிக்கும் தொல்லை குறைவு. இன்னொரு பெட்டியில் இருந்தவை இருநூற்றிருபது கிரெயின். கனமானவை. மெதுவாகக் கிளம்பும், போகப்போக நிறையவே இறங்கும். ஆனால் பக்கக் காற்று அவற்றைச் சுலபத்தில் தள்ளாது, எலும்பில் பட்டாலும் நிற்காமல் உள்ளே போகும்.

இதெல்லாம் பாவாத்தாள் சொல்லிக்கொடுத்ததுதான். சொல்லிக்கொடுத்தவரிடமே வந்து ஒப்பித்துக்கொண்டிருந்தார். கிரெயின் கணக்குப் பேச ஆரம்பித்த ஆளை யாராலும் நிறுத்த முடியாது. கல்யாண வீட்டிலும் பேசுவார்கள், கருமாதி வீட்டிலும் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருக்கிறது.

கடைசியில் கேள்விக்கு வந்தார்.

“முந்நூறு கஜத்துக்கு எந்தக் குண்டுங்க நல்லது?”

பாவாத்தாளின் நினைப்பு குண்டில் இல்லை. அன்றைக்கு அந்த மலையில் குண்டைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவிநாசியப்பன்தான். மற்ற எல்லோரும் மயிலாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மயிலா பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பவள். முந்தின நாள் காலை தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனபோது, முள்ளடர்ந்த உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி வந்து அவள் தொடையைக் கிழித்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காலை எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவளுக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

“பன்னி சும்மா வந்து யாரையும் கிழிக்காதுங்க. அதுக்கு முன்னாடியே அடிபட்டிருக்கோணும்” என்றார் பாவாத்தாள்.

“அது எனக்கெப்படிங்க தெரியும்?” என்று அவிநாசியப்பன் சட்டென்று சொன்னார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு அவரே பேசினார்.

“யாராச்சும் சுட்டிருந்தாலும் சுட்டிருக்கலாங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு, முந்நூறு கஜத்துல, பக்கக் காத்து அடிக்கயில, ஒருத்தன் நூத்தம்பது கிரெயின்ல சுட்டிருந்தா, குண்டு தள்ளிப் போயிருக்குமுங்களா? அதத்தான் கேக்கறேன்.”

பாவாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன். சுட்டது அவிநாசியப்பன்தான். மயிலா அடிபட்டதற்கு முந்தின மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, எதிர்ச் சரிவில் மேய்ந்த பன்றியை மேட்டில் நின்று சுட்டார். பன்றி அலறியது. அலறலைக் காதால் கேட்டார். அது சரிவில் உருண்டு எழுந்து ஓடைப் பக்கம் ஓடியதைக் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, குண்டு படவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குக் ‘காயம் சொல்றது’ என்று பெயர். மிருகத்தைச் சுட்டு அது விழாமல் ஓடிவிட்டால், சுட்டவர் இருட்டுவதற்குள் அந்தப் பக்கத்து லயங்களுக்கெல்லாம் போய், கூலி ஆட்கள் குடியிருக்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, இன்ன பக்கம் காயம் போயிருக்கிறது, யாரும் அங்கே போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அவரேதான் சொல்ல வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. முதலாளியாக இருந்தாலும் சரி, கலெக்டருக்கு மாமனாக இருந்தாலும் சரி. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே பாவாத்தாள் தன் சீடர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்.

காயம் சொல்லப் போனால் லயத்துப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். பன்றிக்குக் காது குத்திவிட்டு வந்தீர்களா முதலாளி, தோடு போட்டீர்களா இல்லையா என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு நாள் சிரிப்பு, அவ்வளவுதான். மறுநாள் அவர்களே மறந்துவிடுவார்கள். அந்த ஒரு நாள் சிரிப்பைத் தாங்க அவிநாசியப்பனால் முடியவில்லை. புதுக் குண்டு வாங்கியிருக்கிறேன், முந்நூறு கஜத்தில் முயலையே அடிப்பேன் என்று அந்த வாரம்தான் பீற்றிக்கொண்டிருந்தார்.

பாவாத்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் கத்தவில்லை. எழுந்து தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

“வாங்க, போலாம்.”

“எங்கீங்க?”

“பன்னி இன்னும் புதருக்குள்ளதான் கெடக்குது. ஓடப் பக்கம் ஆளு நடமாட்டமே நின்னுபோச்சு. மொதல்ல அது.”

அதற்குத்தான் தானும் வந்ததாக அவிநாசியப்பன் சொன்னார். மேட்டில் நின்றுகொண்டு, கனமான குண்டை வைத்து, பன்றி வெளியே தலைகாட்டும்போது அங்கிருந்தே முடித்துவிடலாம் என்றார். எவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

“மேட்டுல நிக்கறதெல்லாம் போதுங்க. நடந்துதான் போறோம். நீங்க முன்னால நடங்க.”

குரு சொன்னால் சொன்னதுதான். அவிநாசியப்பன் கனமான குண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

லயத்தைத் தாண்டும்போது மயிலாவின் புருஷன் வெள்ளியங்கிரி எதிரே வந்தான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவன். கண் சிவந்திருந்தது, இடுப்பில் கொடுவாள். இவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் சேர்த்து அவிநாசியப்பனைக் கும்பிட்டான்.

“எங்க முதலாளிகூட எட்டிப் பாக்கலீங்க. நீங்க வேற தோட்டத்துக்காரரு. இருந்தும் வந்திருக்கறீங்க. இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க.”

அவிநாசியப்பன் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அதுக்கென்னப்பா, மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி என்றார்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. சுட்டதைக்கூட விட்டுவிடலாம், யாருக்கும் குறி தவறும். அந்தக் கும்பிடை எப்படி வாங்கிக்கொண்டார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கை கூசவில்லையா?

பாவாத்தாள் நின்றார்.

“அண்ணா, வெள்ளியங்கிரிகிட்ட நீங்க ஏதாச்சும் சொல்லோணுமா?”

அவிநாசியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளியங்கிரியைப் பார்த்தார்.

“தைரியமா இருப்பா” என்றார்.

மூவரும் சரிவில் இறங்கினார்கள். வழி தெரிந்தவன் என்பதால் வெள்ளியங்கிரியும் கூடவே வந்தான்.

ஓடைக்கு மேலே உண்ணிப் புதர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. நடுவில் பன்றி புகுந்துபோன சந்து. அதன் இரண்டு பக்கமும் இலைகளில் ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. வெள்ளியங்கிரி ஒரு இலையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தான்.

“இது மயிலா ரத்தமுங்களா அம்மணி?”

“இல்லப்பா. அவ விழுந்தது கீழ, ஓடக்கரையில. இது மேல இருந்து வருது. பன்னியோடது.”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். படிப்பறிவு வேண்டியதில்லை, யாருக்கும் விளங்கக்கூடிய விஷயம்தான்.

“அப்ப அதுக்கு முன்னாலயே யாரோ சுட்டிருக்காங்க.”

பாவாத்தாள் அவிநாசியப்பனைப் பார்த்தார். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சுட்டவன் வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாளுங்க” என்றான் வெள்ளியங்கிரி. “லயத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. யாரும் வந்து காயம் சொல்லல. அவன் என் கையில கெடைச்சான்னா விட மாட்டேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அவிநாசியப்பன் பூட்ஸ் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

பாவாத்தாளுக்கு அங்கேயே உடைத்துச் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் கொடுவாள் வெளியே வந்திருக்கும், புதருக்குள் பன்றியும் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் போங்கள் என்று கையைக் காட்டினார்.

சந்துக்குள் குனிந்துதான் போக முடிந்தது. நாற்றம் முதலில் வந்தது, சீழ் பிடித்த நாற்றம். அடுத்து ஒரு உறுமல். எங்கிருந்து என்று பார்ப்பதற்குள் புதர் பிளந்து பன்றி வெளியே வந்தது. மூன்று காலில் ஓடிவந்தது. அப்படியிருந்தும் அந்த வேகம். நேராக வெள்ளியங்கிரியைப் பார்த்து வந்தது.

அவிநாசியப்பன் குறுக்கே பாய்ந்தார். வெள்ளியங்கிரியை இடது கையால் தள்ளிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் ஏற்றக்கூட நேரமில்லாமல் இடுப்போடு வைத்துச் சுட்டார். பன்றி அவருடைய பூட்ஸுக்கு முன்னால் வந்து விழுந்தது. நெஞ்சில் புகுந்த குண்டு பின்பக்கமாக வெளியே போயிருந்தது.

மறைக்காமல் சொல்ல வேண்டும். துணிச்சல்காரர்தான். அந்த நொடியில் ஒரு கூலிக்காரனுக்காகத் தன் உயிரைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். பன்றிக்கு முன்னால் நிற்க முடிந்த ஆளுக்கு லயத்து வாசலில் நிற்க முடியவில்லை. என் கோபம் இதனால் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

வெள்ளியங்கிரி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவிநாசியப்பனுக்கும் மூச்சு வாங்கியது. முகத்தில் பழைய மிடுக்கு திரும்ப வந்துவிட்டது. பார்த்தீர்களா என்பதுபோலக் குருவைப் பார்த்தார்.

பாவாத்தாள் பன்றியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அதன் முன்னங்கால் தோள் வீங்கி, ஓட்டை வழியாகச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. இரண்டு ராத்திரியாக அந்தத் தோளோடு அது இந்தப் புதருக்குள் கிடந்திருக்கிறது. அதன் வலியைப் பற்றி யாருமே பேசவில்லை என்பது இப்போதுதான் எனக்கும் உறைக்கிறது.

“வெள்ளியங்கிரி, இந்த எடத்தக் கிழி.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பன்றியின் காலைப் பிடித்து, கொடுவாளின் முனையால் தோளைக் கிழித்தான். எலும்பு நொறுங்கிக் கிடந்தது. சதைக்குள்ளிருந்து பொட்டுப் பொட்டாக ஈயமும், குண்டின் மேலுறையான செம்புத் தகடு கிழிந்தபடியும் வந்தன. பாவாத்தாள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு இலையில் வைத்தார்.

அவிநாசியப்பன் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அந்தத் தகட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். தேர்வில் பாஸான பையனைப்போல அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா அம்மணி. காத்து ஒண்ணும் தள்ளலீங்க. நான் வெச்ச எடத்துலயேதான் பட்டிருக்குது, சரியாத் தோள்ல. குண்டுதான் எலும்புல மோதிச் செதறிப்போச்சு. நான் சரியாத்தான் சுட்டிருக்கறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

வெள்ளியங்கிரி பன்றியின் காலை இன்னும் பிடித்தபடியே இருந்தான். அவன் அவிநாசியப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கிருந்து இன்னொரு வார்த்தை வந்து முன்னதை அழித்துவிடும் என்பதுபோல.

“எப்பங்க சுட்டீங்க?” என்று கேட்டான்.

அவிநாசியப்பன் குருவின் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சை விடவில்லை, விட்டால் அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

“நீங்களே சொல்லுங்க அம்மணி. நூத்தம்பதுக்குப் பதிலா அந்தக் கனமான குண்டாயிருந்தா தோளத் தொளச்சிட்டு உள்ள போயிருக்குமா இல்லீங்களா? பன்னி நின்ன எடத்துலயே விழுந்திருக்குமா இல்லீங்களா?”

வெள்ளியங்கிரி பன்றியின் காலை விட்டான். எழுந்து நின்றான். கொடுவாள் கையில் இருந்தது. பாவாத்தாள் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். அவன் இறக்கவிட்டான்.

பாவாத்தாள் சீடரின் உள்ளங்கையிலிருந்து தகட்டை எடுத்து நிதானமாகப் பார்த்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

“விழுந்திருக்கும். உங்க குறியில ஒரு குத்தமும் இல்ல. முந்நூறு கஜத்துக்குக் கனமான குண்டுதாங்க நல்லது” என்றார்.

தகட்டைத் திரும்ப அவர் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கி மூடினார்.

“ஆஸ்பத்திரியில மயிலா முழிச்சுத்தான் இருக்கறா. போயி அவகிட்டச் சொல்லுங்க.”